உரிமைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சொல்

ஆங்கிலத்தில் "ரைட்" என்று ஒரு சொல் உண்டு. "சரி" என்பது அதற்கு ஒரு பொருள். "வலது" என்பது இன்னொரு பொருள். "உரிமை" என்பது மூன்றாவது பொருள்.

இந்த மூன்றாவது பொருளில்தான் தகராறு வருகிறது!

"ரைட்" என்று எழுதினால் மட்டும் போதாது. அதன் பின்னால் "டு" போடுவதா, "ஆஃப்" போடுவதா, "ஓவர்" போடுவதா என்று தெரிய வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு இது ஒரு மார்க். சேர்வராயன் மலையில் வாழும் குடும்பத்துக்கோ, இது நிலம்!

ஏன் தடுமாற்றம்?

தமிழில் "கு" என்ற ஓர் எழுத்து பல வேலைகளைச் செய்கிறது. "கடைக்குப் போனான்" என்கிறோம். "குழந்தைக்கு வாங்கினான்" என்கிறோம். இரண்டிலும் அதே "கு"தான்.

ஆங்கிலத்தில் அப்படி அல்ல. கடைக்குப் போனால் "டு". குழந்தைக்கு வாங்கினால் "ஃபார்".

ஆகவே, "கல்விக்கு உரிமை" என்று எழுத வரும் மாணவன், "ரைட் ஃபார் எஜுகேஷன்" என்று எழுதிவிடுகிறான். அது தவறு. "ரைட் டு எஜுகேஷன்" என்பதே சரி. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை அப்படித்தான் சொல்கிறோம். 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் "ரைட் டு இன்ஃபர்மேஷன்"தான்.

எது எங்கே?

மூன்று கேள்விகளை நினைவில் வைத்தால் போதும்.

எதற்கு உரிமை? "டு" போடுங்கள்.

யாருடைய உரிமை? "ஆஃப்" போடுங்கள். குழந்தையின் உரிமை என்றால் "ரைட் ஆஃப் த சைல்ட்".

எதன் மேல் உரிமை? "ஓவர்" போடுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. "ரைட் ஆஃப் வே" என்று ஒரு தொடர் உண்டு. "வழியினுடைய உரிமை" என்று அதற்குப் பொருள் அல்ல. வழிக்கு ஏது உரிமை? அந்த வழியே போய்வரும் மனிதருக்குத்தான் உரிமை! இங்கே "ஆஃப்" என்பது, அது எந்த வகை உரிமை என்று காட்டுகிறது.

மலையில் என்ன நடக்கிறது?

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், காப்பித் தோட்டத்தைப் பார்க்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மக்கள் மலையாளிகள். கேரள நாட்டவர் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சேலம் மாவட்டத்தில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஏற்காடு சட்டசபைத் தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதே.

மலையில் தோட்டத்தின் நடுவே ஊருக்குப் போகும் ஒரு தடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் "ரைட் ஆஃப் வே" என்று இருந்தால், அதில் போய்வரலாம், நிலம் தோட்டக்காரருடையதே. "ரைட் டு த லேண்ட்" என்று இருந்தால், பேச்சு நிலத்தைப் பற்றியது. இரண்டையும் "நில உரிமை" என்று ஒருவர் படித்துச் சொல்லிவிட்டால், கேட்பவர் கதி என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன் மூன்றாவது பிரிவில், "ரைட்" என்ற சொல் பலவிதமாக வருகிறது.

காட்டு நிலத்தை வைத்திருந்து அதில் குடியிருக்க உரிமை. அங்கே "டு".

மூங்கில், தேன், மெழுகு, மூலிகை போன்ற சிறு வனப்பொருள்களின் உடைமை உரிமை. அங்கே "ஆஃப்".

தகராறில் உள்ள நிலங்களின் மேல் உரிமை. அங்கே "இன்", "ஓவர்" இரண்டும்!

காட்டு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்யும் உரிமைக்கு அளவும் உண்டு. 2005 டிசம்பர் 13-ந்தேதிக்கு முன்பே பயிர் செய்துவந்த நிலமாக இருக்க வேண்டும். உரிமை 4 ஹெக்டேருக்கு மேல் போகாது. பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

உரிமை யாருக்கு என்று பார்க்கும் வேலையைத் தொடங்குவது கிராமசபை. அதன் முடிவு பிடிக்காவிட்டால், 60 நாட்களுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு மனுச் செய்யலாம்.

ஆங்கிலம் தெரியாவிட்டால்?

"எனக்கு 'டு'வும் தெரியாது, 'ஆஃப்'பும் தெரியாது. நான் எப்படி மனு எழுதுவேன்?" என்று கேட்கலாம்.

தமிழிலேயே எழுதுங்கள்! குறை தீர்க்கக் கோரும் மனுவை, மாநிலத்தில் வழங்கும் மொழியிலேயே கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு சொல்கிறது. "உன் ஆங்கிலம் தவறு" என்று சொல்லி, ஓர் ஏழையின் உரிமையை யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் உங்கள் கைக்கு வரும் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கலாம். அப்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். படித்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "ரைட்" என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் என்ன சொல் இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளைக்குச் சந்தேகம் என்றால், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இலக்கணத்தை வெறும் மனப்பாடமாக நடத்தாதீர்கள். ஒரு பத்திரத்தை, ஒரு மனுவை வகுப்பில் படித்துக் காட்டுங்கள். இரண்டு எழுத்துச் சொல் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்கும் என்று தெரிந்தால், எந்தப் பிள்ளையும் அதை மறக்காது.