பசுமைக் கட்டடம்: செலவு ஒருவருக்கு, மிச்சம் இன்னொருவருக்கா?

வெளியே வெயில் கொளுத்துகிறது. கடைத்தொகுதிக்குள் நுழைந்த பத்தாவது நிமிடமே குளிர் தாங்காமல் கைகளைக் கட்டிக்கொள்கிறீர்கள். அலுவலகத்தில் உங்கள் நாற்காலியில் எப்போதும் ஒரு குளிர்ச்சட்டை தொங்கிக்கொண்டே இருக்கிறது.

"ஏர்கானை இவ்வளவு கூட்டி வைக்கணுமா?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் குளிருக்கு யாரோ ஒருவர் பணம் கட்டுகிறார். பெரும்பாலும் அது கட்டடத்தின் உரிமையாளர் அல்ல. சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

சிங்கப்பூரின் கரிம வெளியேற்றத்தில் 20 விழுக்காட்டுக்கும் மேல் கட்டடங்களிலிருந்து வருகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் மொத்தத் தரைப்பரப்பில் 80 விழுக்காட்டுக் கட்டடங்களைப் பசுமையாக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு.

பசுமைக் கட்டடம்னா என்ன?

சுவரில் கொடி படர்ந்தால் மட்டும் அது பசுமைக் கட்டடம் ஆகிவிடாது. உள்ளே எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதே முக்கியம்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டு முழுக்கக் காலை வெயில் கிழக்குச் சுவரிலும், மாலை வெயில் மேற்குச் சுவரிலும் நேராக அடிக்கும். அதனால் கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்து இருந்தால் வெப்பம் உள்ளே வருவது குறையும். சன்னல்களுக்கு மேல் நிழல் தரும் அமைப்பும் உதவும். வெப்பம் குறைந்தால் குளிர்சாதனத்துக்கு வேலை குறையும்.

இதற்கு நல்ல உதாரணம், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறக்கப்பட்ட வடிவமைப்பு, சுற்றுச்சூழல் பள்ளியின் நான்காவது கட்டடம். அகன்ற கூரை நிழல் தருகிறது. கூரைமேல் சூரியத் தகடுகள் இருக்கின்றன. குளிர்சாதனக் காற்றைக் கொஞ்சம் கூடுதல் வெப்பநிலையிலேயே விட்டு, கூரை மின்விசிறியைச் சுழல விடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வியர்க்காது, குளிரில் நடுங்கவும் தேவையில்லை.

புதுசா கட்டுறது சுலபம், பழசை என்ன செய்வது?

கட்டட, கட்டுமான ஆணையம் 2005இல் பசுமைச் சின்னத் திட்டத்தைத் தொடங்கியது. 2,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தரைப்பரப்புள்ள புதிய கட்டடங்களுக்குக் குறைந்தபட்சப் பசுமைத் தரநிலை 2008இல் கட்டாயமானது. பெரிய மேம்பாட்டுப் பணிகள் நடக்கும் பழைய கட்டடங்களுக்கும் அது பொருந்தும்.

ஆனால் 2030இல் நம்மைச் சுற்றி நிற்கப்போகும் கட்டடங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே கட்டி முடித்தவை. இலக்கை எட்டுவோமா இல்லையா என்பது அவற்றின் கையில்தான்.

சரி, பணம் யார் போடுவது?

பழைய குளிர்சாதன இயந்திரத்தை மாற்றுவது உரிமையாளரின் செலவு. மின்கட்டணத்தையோ சேவைக் கட்டணத்தையோ கட்டுவது வாடகைதாரர். அப்படியானால், உரிமையாளர் பணம் போட்டு மாற்றினாலும் மிச்சம் போவது வாடகைதாரருக்கு. "எனக்கென்ன லாபம்?" என்று உரிமையாளர் கேட்பார். இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் வாடகைதாரரோ, "நான் போகப்போற இடத்துக்கு எதுக்குச் செலவழிக்கணும்?" என்பார். இருவர் கணக்கும் சரிதான். ஆனால் பழைய இயந்திரம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு வழி பசுமை வாடகை ஒப்பந்தம். மின்சாரத்தைச் சேமிப்பதில் யாருக்கு என்ன பொறுப்பு என்று இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிக்கொள்கின்றன.

அரசாங்கம் எப்படி நெருக்குகிறது?

முதலில் ஊக்கத்தொகை. பழைய கட்டடங்களை மேம்படுத்துவதற்கு 2022இல் 63 மில்லியன் வெள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது.

அடுத்தது தகவல். வர்த்தகக் கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாட்டு விவரங்களை ஆணையம் வெளியிடுகிறது. எது மின்சாரத்தை விழுங்குகிறது என்று வாடகைக்கு இடம் தேடுபவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைசியாகச் சட்டம். 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தரைப்பரப்புள்ள, தொடர்ந்து அதிக மின்சாரம் பயன்படுத்தும் கட்டடங்களுக்கு 2025இல் புதிய விதிமுறை நடப்புக்கு வந்தது. உரிமையாளர்கள் எரிசக்தித் தணிக்கை செய்து, பயன்பாட்டை முன்பிருந்ததைவிட 10 விழுக்காடு குறைக்க வேண்டும். வர்த்தகக் கட்டடங்களோடு மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள் போன்றவற்றுக்கும் இது பொருந்தும்.

ஊக்கத்தொகை மட்டும் இருந்தால் விருப்பமுள்ளவர்கள்தான் முன்வருவார்கள். சட்டம் வந்தபிறகு, செலவை யார் ஏற்பது என்ற வாக்குவாதத்தைச் சொல்லித் தள்ளிப்போட முடியாது.

உங்கள் வீட்டில்?

வீவக பேட்டைகளில் எரிசக்திப் பயன்பாட்டை 2020ஆம் ஆண்டின் அளவிலிருந்து 15 விழுக்காடு குறைப்பது 2030க்கான இலக்கு. நடைபாதை விளக்குகளுக்கும் மின்தூக்கிகளுக்கும் ஆகும் மின்செலவு, நீங்கள் மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் போகிறது.

வீட்டுக்குள் செலவும் உங்களுடையது, மிச்சமும் உங்களுடையது. வீவக குடும்பங்களுக்கு 2024இல் 300 வெள்ளியும் 2025இல் மேலும் 100 வெள்ளியும் பருவநிலைப் பற்றுச்சீட்டுகளாகத் தரப்பட்டன. தனியார் வீடுகளில் வசிக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கும் 400 வெள்ளி உண்டு. மின்சாரத்தைச் சேமிக்கும் குளிர்பதனப் பெட்டி, ஏர்கான், எல்இடி விளக்கு வாங்க அவற்றைப் பயன்படுத்தலாம். ஏர்கானை 25 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் போட்டால் கட்டணம் குறைவதை நீங்களே பார்க்கலாம்.

வேலையிடத்திலோ கடைத்தொகுதியிலோ பொத்தான் உங்கள் கையில் இல்லை. ஆனால் கேள்வி கேட்கலாம். கடையோ அலுவலகமோ வாடகைக்கு எடுப்பவராக இருந்தால், வாடகை எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், "கட்டடத்துக்குப் பசுமைச் சின்னம் இருக்கா? போன வருஷம் மின்கட்டணம் எவ்வளவு வந்துச்சு?" என்றும் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்பது நல்லது.