கடை எங்கே இருக்கிறது?

மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டி ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் தையல் கடை வைத்து இருக்கிறார் ஒருவர். கைவேலை சுத்தம். கூலியும் நியாயம். ஆனால், மாடவீதியில் போகிறவர்களுக்கு அப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது. எனவே, சந்து முனையில் இருந்த விளக்குக் கம்பத்தில் ஒரு சின்னத் தட்டி கட்டினார். "ரவிக்கை ஒரே நாளில் தைத்துத் தரப்படும்" என்று அதில் எழுதி இருந்தது.

மாநகராட்சி லாரி வந்தது. தட்டியை அவிழ்த்தார்கள். லாரியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு பகுதிகளில் இப்படித் தட்டியைப் பறிகொடுத்த சிறு கடைக்காரர்கள் பலர். "போர்டு வைக்காமல் வியாபாரம் செய்வது எப்படி?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால், கட்டுப்பாடு வந்ததற்கும் காரணம் உண்டு. அது நெஞ்சை உலுக்கும் காரணம்.

பறிபோன உயிர்

2019-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி. இடம்: சென்னையை அடுத்த பள்ளிக்கரணை. 23 வயதுப் பெண் என்ஜினீயர் ஒருவர், வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டு இருந்தார். சாலையின் நடுவே கல்யாண பேனர்கள் கட்டப்பட்டு இருந்தன. எதற்கும் அனுமதி கிடையாது. அவற்றில் ஒன்று பிய்த்துக்கொண்டு அந்தப் பெண் மீது விழுந்தது. அவர் நிலை தடுமாறிச் சாய்ந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் மீது ஏறிவிட்டது.

யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய பேனர், யாரோ பெற்ற பெண்ணைக் கொன்றுவிட்டது!

அன்றைக்குச் சட்டம் இல்லையா? இருந்தது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பெரிய விளம்பரப் பலகைகளுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று 2003-ல் சென்னைக்கு விதிகள் வந்தன. விளம்பரக் கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வழக்காடின. சட்டம் செல்லும் என்று 2008-ல் தீர்ப்பு ஆயிற்று. அண்ணாசாலையில் நின்ற ராட்சதப் பலகைகள் இறங்கின. பலகைக்குப் பின்னால் எவ்வளவு அழகான கட்டிடங்கள் இருந்தன என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது!

அதற்குப் பிறகும் 2019-ல் ஓர் உயிர் போயிற்று. காரணம் என்ன? தையல்காரர் தட்டியை அவிழ்க்க ஒரு நிமிடம் போதும். எதிர்த்துக் கேட்க அவருக்கு ஆள் கிடையாது. நாற்பது அடி பேனர் கட்டுகிறவர் அப்படியா? அவருக்குப் பின்னால் கூட்டம் இருக்கிறது, செல்வாக்கு இருக்கிறது. அந்தப் பேனரை அவிழ்ப்பதற்குள் விழாவே முடிந்துவிடும்.

தட்டியை அவிழ்த்தது தவறு அல்ல. கம்பத்தில் கட்டும் தட்டியும் வண்டி ஓட்டுகிறவர் கண்ணை மறைக்கும். நடைபாதையில் நிறுத்தும் போர்டு, கண் மங்கிய பெரியவரை இடறிவிடும். ஆனால், லாரி முதலில் நாற்பது அடி பேனரிடம் போகட்டும். பிறகு சந்துக்கு வரட்டும்.

மயிலாப்பூர் காட்டிய வழி

தெருவில் போர்டு வைக்காவிட்டால் பொருள் விற்காதா? மயிலாப்பூர்வாசிகளுக்கு நாகேசுவரராவ் பூங்கா தெரியும். அந்தப் பெயருக்கு உரியவர் காசிநாதுனி நாகேசுவரராவ். அமிர்தாஞ்சன் தைலத்தைத் தயாரித்தவர். 1893-ல் பம்பாயில் தொழிலைத் தொடங்கி, பிறகு சென்னைக்குக் கொண்டுவந்தார். அவர் செய்த விளம்பரம் என்ன தெரியுமா? சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுக்கச் செய்தார்! தலைவலிக்காரர் தடவிப் பார்த்தார். வலி விட்டது. மறுநாள் கடையில் போய்க் கேட்டார். தைலத்தின் பெயர் ஊரெல்லாம் பரவியது.

எல்லாராலும் இலவசம் கொடுக்க முடியாது. முடிந்த வழிகளும் இருக்கின்றன.

தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி பார்க்க, ராகுகாலம் பார்க்க, வீட்டுப் பெண்கள் நாளைக்கு எத்தனை தடவை அதன் முன் நிற்கிறார்கள்! அடியில் மளிகைக் கடையின் பெயர் இருக்கிறது. 365 நாள் விளம்பரம். எந்த லாரியும் வந்து அவிழ்க்காது.

மஞ்சள் பையும் அப்படித்தான். 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் ஒரு தடவை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021-ல் அரசாங்கமே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. பையில் கடைப் பெயரை அச்சடித்துக் கொடுத்தால், அது மார்க்கெட்டுக்குப் போகும், பஸ்சில் ஏறும், கல்யாண வீட்டுக்கும் போகும்.

இரவில் இறக்கிவிடும் ஷட்டர் கதவு இருக்கிறதே, அதில் பெயிண்டரைக் கொண்டு எழுதச் சொல்லலாம். பிளெக்ஸ் வந்த பிறகு வேலை இழந்த பெயிண்டர்களுக்கும் பிழைப்பு கிடைக்கும். எழுதும்போது தமிழை மேலே எழுத வேண்டும். மற்ற மொழி எல்லாம் அதற்குக் கீழேதான். கடைப் பெயர்ப்பலகைக்கு 1948-ம் ஆண்டு விதிகள் அப்படிச் சொல்லுகின்றன. செல்போன் வரைபடத்தில் கடைப் பெயரைச் சேர்க்கக் காசு கிடையாது. வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் செய்து கொடுத்துவிடும்.

தகரத்துக்குப் பின்னால்

இத்தனை செய்தும் தீராத சங்கடம் சிலருக்கு உண்டு. 2013-ல் பாண்டிபஜார் நடைபாதை வியாபாரிகளை அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். மாடியில் வளையல் விற்கிறவர், கீழே நடப்பவர் கண்ணில் எப்படிப் படுவார்? மெட்ரோ ரெயிலின் இரண்டாம் கட்ட வேலைக்காக மயிலாப்பூரிலும் பனகல் பூங்கா பக்கத்திலும் தகரத் தடுப்பு வைத்தார்கள். தடுப்புக்குப் பின்னால் அகப்பட்ட கடைகளின் கதி என்ன? அவர்களும் போர்டு வைக்கக் கூடாது என்றால், கடையை இழுத்து மூட வேண்டியதுதானா?

பிரேசில் நாட்டில் சாவோபாலோ என்று ஒரு பெரிய பட்டணம். அங்கே 2007-ம் ஆண்டு முதல், வெளிப்புற விளம்பரப் பலகைகளுக்கு அடியோடு தடை. ஆனால், கடைக்காரர்களைக் கைவிடவில்லை. கடையின் முகப்பு பத்து மீட்டருக்குக் குறைவா? அப்படியானால், ஒன்றரைச் சதுர மீட்டரில் ஒரு பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு கூடும், இதற்கு மேல் கூடாது என்று அளவு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

சென்னையிலும் அளவு போட்டுக் கொடுக்கலாம். சந்து முனையில் மாநகராட்சியே ஒரு கம்பம் நடட்டும். உள்ளே இருக்கும் பத்துக் கடைகளின் பெயரும் ஒரே அளவில், ஒரே பலகையில் இருக்கட்டும். காற்றுக்கு விழாதபடி அதிகாரிகளே பார்த்து நிறுத்தட்டும். தகரத் தடுப்பிலும், மாடிப்படி வாசலிலும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். செலவைக் கடைக்காரர்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மாநகராட்சி தர வேண்டியது, ஒரு கம்பம் நட இரண்டடி இடமும் ஒரு கையெழுத்தும்தான்.