டிகாக்ஷன் இறங்குமா?

வண்டலூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நாளுக்கொரு புதுவீடு எழும்பி வருகிறது. 1985-ஆம் வருஷத்தில் மிருகக்காட்சி சாலை சென்னைப் பட்டணத்தைவிட்டு இங்கே வந்தபோது காடும் ஏரியுமாகக் கிடந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. 2023-ஆம் வருஷக் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து கிருஹப்பிரவேச அழைப்புகளுக்குக் கணக்கே இல்லை. அந்த அழைப்புகளுக்குப் போய் வந்ததில் நான் கண்ட ஒரு குடும்பப் பிரச்னையைத்தான் இந்த வாரம் எடுத்துக் கொண்டிருக்கிறேன். புதுவீட்டு அடுக்களையில் பாட்டியார் கொடுத்த பித்தளை வடிகட்டி ஒரு பக்கம். அமெரிக்காவிலிருந்து பிள்ளை கொண்டுவந்த மின்சாரக் காப்பி யந்திரம் மறு பக்கம். எதை மேடையில் வைப்பது, எதைப் பரணில் ஏற்றுவது?

இதைச் சில்லறை விஷயம் என்று தள்ளுவாரும் உண்டு. காந்தியடிகள் 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய ஆரோக்கிய நூலில், தேயிலை, காப்பி, கோக்கோ மூன்றுமே உடம்புக்கு வேண்டாதவை என்று தீர்ப்பளித்து விட்டார். மகாத்மாவின் எத்தனையோ கட்டளைகளைச் சிரமேற்கொண்ட தமிழ்நாடு, இந்த ஒன்றை மட்டும் காலைக் காப்பி குடித்த பிறகு யோசிக்கலாம் என்று ஒத்திவைத்தது. இன்னும் யோசித்துக் கொண்டுதான் இருக்கிறது! ஆகவே குடிப்பது என்று ஆனபின், காசும் பாலும் வீணாகாமல் குடிப்பதே விவேகம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். பாத்திரத்தை வாங்குவதற்கு முன் பொடியைப் பாருங்கள். பொடியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டில் காப்பிக்கு எவ்வளவு பால் விடுகிறார்கள் என்று பாருங்கள். இதைப் பாராமல் விலையையும் பளபளப்பையும் பார்த்து வாங்கிய யந்திரங்கள்தாம் பரணில் தூசி படிந்து கிடக்கின்றன.

அந்த யந்திரம் யாருக்காக உண்டாயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜெர்மனி தேசத்து டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண்மணி இருந்தார். காப்பியில் கசண்டு வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1908-ஆம் வருஷத்தில் ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, தம் பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டிலிருந்த மை ஒற்றும் காகிதத்தை அதன்மேல் இட்டு, அதில் பொடியைப் போட்டு வெந்நீரை வார்த்தார். தெளிந்த காப்பி இறங்கிற்று. காகித வடிகட்டி பிறந்தது. (பிள்ளைகள் நோட்டில் காகிதம் கிழிவது உலகத்துக்கு உபகாரமாய் முடிந்த சந்தர்ப்பம், உபாத்தியாயர்கள் அறிந்தவரையில், இது ஒன்றுதான்.) 1954-ல் அதே தேசத்தில் காட்லோப் விட்மன் என்பவர் அந்த வேலையை மின்சாரத்திடம் ஒப்படைத்தார். 1972-ல் அமெரிக்காவில் 'மிஸ்டர் காபி' என்ற யந்திரம் வந்து, அத்தேசத்து வீடுகளிலெல்லாம் புகுந்தது.

அதன் உள்வேலை வெகு எளியது. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் ஒரு வளைந்த குழாய் வழியாகச் சூடாகும் பாகத்துக்குப் போகிறது. அங்கே கொதித்து எழும் குமிழிகள் வெந்நீரை மேலே தள்ளுகின்றன. அது பொடியின்மேல் சொட்டி, நாலைந்து நிமிஷத்தில் கீழே கண்ணாடிக் குடுவையில் காப்பியாக விழுகிறது. நம்முடைய வடிகட்டியோ இரண்டு அடுக்குப் பாத்திரம், அவ்வளவுதான். பாரிஸ் நகரத்துப் பேராயர் தெ பெல்லுவா என்பவர் பெயரால் சுமார் 1800-ஆம் வருஷத்திலிருந்து வழங்கிவரும் இரட்டைப் பாத்திரமும் ஏறக்குறைய இதே ஜாடைதான். ஆகையால் பித்தளையைச் சுதேசி என்றும் யந்திரத்தை விதேசி என்றும் கட்சி கட்டுவதில் அதிகப் பிரயோஜனமில்லை. காப்பிச் செடியே பாபா புதான் என்ற பெரியார் அரபு தேசத்திலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டது என்றுதானே கர்ண பரம்பரை சொல்லுகிறது!

கட்சி வேறு இடத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேல்நாட்டு முறையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 60 கிராம் பொடி. அதன்படி 30 கிராம் பொடிக்கு அரை லிட்டர் தண்ணீர் விட வேண்டும். பொடி தன் எடையைப்போல் சுமார் இரண்டு மடங்கு நீரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். ஆகவே 440 மில்லி கீழே இறங்கும். அது அப்படியே, பால் விடாமலோ இரண்டு கரண்டி விட்டோ, குடிப்பதற்கு ஏற்பட்டது. நம் வீட்டிலே அதே 30 கிராம் பொடிக்கு 200 மில்லி தண்ணீர்தான் விடுகிறோம். இறங்குவது 140 மில்லி. அதில் 400 மில்லி பால் சேர்த்தால் நாலு பேருக்கு நல்ல காப்பி. யந்திரத்தில் இறங்கிய 440 மில்லியோடு அதே பாலைச் சேர்த்துப் பாருங்கள். பால்காரர் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்ததாகும்! "யந்திரக் காப்பி தண்ணீராக இருக்கிறது" என்று வீட்டுக்கு வீடு சொல்லும் புகாரின் ரகசியம் இதுதான். யந்திரம் தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. நாம் அதனிடம் கேட்பது வேறு பண்டம்.

அப்படியானால் யந்திரத்திலும் தண்ணீரைக் குறைத்து விடலாமே என்று கேட்பீர்கள். விடலாம்; ஆனால் குறைந்த தண்ணீர் விரைவில் ஓடிவிடுவதால் பொடியின் சாரம் முழுதும் இறங்காது. மேலும் அங்கே சிக்கரி வந்து வழிமறிக்கிறது. சிக்கரி என்பது ஒரு கிழங்கை வறுத்த பொடி. அது காப்பியைவிட மிகுதியாக நீரில் கரையும். நீர் பட்டால் உப்பும். நம் பித்தளை வடிகட்டியில் இந்தக் குணம் வரப்பிரசாதம்: நீரை நிறுத்தி நிறுத்தி மெள்ள இறக்கி, டிகாக்ஷனுக்குக் கறுப்பும் கனமும் கொடுக்கிறது. காகிதம் இட்ட யந்திரத்திலோ இதுவே சாபம். மெல்லிய பொடியும் சிக்கரியும் சேர்ந்து காகிதத்தின் கண்களை அடைத்துவிட, மேலிருந்து வெந்நீர் வந்துகொண்டே இருக்க, கூடை நிரம்பி மேடையெல்லாம் காப்பி வெள்ளம். பொடி வாங்கும்போது உறையைப் படியுங்கள். காப்பி எத்தனை சதவிகிதம், சிக்கரி எத்தனை சதவிகிதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். கலப்புப் பொடியில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அந்த எல்லையிலேயே நிற்கும் பொடிகளும் கடையில் உண்டு. அவை மலிவு என்று நினைத்துக் கொள்வது வாங்குவோர் இஷ்டம்.

யந்திரந்தான் வேண்டும் என்ற வீட்டார், சிக்கரி கலவாத பொடியைக் கொஞ்சம் கரகரப்பாக, மெல்லிய ரவை பருமனில், கண்ணெதிரே அரைக்கச் சொல்லி வாங்குங்கள். நம் நாட்டுக் கம்பெனிகள் விற்கும் சிறு யந்திரங்களில் காகிதத்துக்குப் பதிலாகக் கழுவி உபயோகிக்கும் வலைக்கூடை இருக்கிறது. சிறு பங்கு சிக்கரியை அது பொறுத்துக்கொள்ளும். நாலு பேர் குடும்பத்துக்குப் பன்னிரண்டு கோப்பை யந்திரம் வேண்டியதில்லை. சூடான தட்டின்மேல் குடுவையை அரை மணிக்குமேல் விட்டுவைத்தால் காப்பி கசந்து போகும் என்பதையும் மறக்கக்கூடாது.

அமெரிக்காவிலிருந்து வரும் யந்திரத்தைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சூடாக்கும் கம்பியில் வோல்ட் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். 900 வாட் யந்திரம் நம் வீட்டுச் சுவரில் செருகியவுடன் 3,300 வாட்டுக்குப் பாயும். அப்புறம் காப்பி வாசனை வராது, வேறு வாசனைதான் வரும். இறக்குக் கருவி ஒன்று வாங்கிச் சேர்க்கலாம். அதுவும் ஆயிரம் வாட்டுக்கு மேற்பட்ட கனமான பெட்டியாக இருக்க வேண்டுமாதலால், அந்த விலைக்கு இங்கேயே புது யந்திரம் வாங்கிவிடலாம். ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே எழுதிவிடுவது நலம்.

இனி நம் வடிகட்டி. இதைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் உலோகத்தையே பேசுகிறார்கள். அதைவிட முக்கியம் அளவு. 'விருந்தாளி வந்தால் வேண்டுமே' என்று பெரிய வடிகட்டியை வாங்கி, இரண்டு பேருக்கு இரண்டு ஸ்பூன் பொடியை அதன் அடியில் தூவினால், பொடி ஒரு விரற்கடைகூட நிற்காது. வெந்நீர் சல்லென்று ஓடிவிடும். மேல் அடுக்கில் பொடி மூன்றில் ஒரு பங்காவது நிற்கும்படியான அளவே உங்கள் அளவு. ஆகையால் தினசரிக்கு ஒரு சிறியதும் விருந்துக்கு ஒரு பெரியதுமாக இரண்டு வாங்குவதே சிக்கனம். தாம்பரத்துப் பாத்திரக் கடைகளில் இரண்டு பேருக்கு ஏற்றதிலிருந்து பெரிய குடும்பத்துக்கு வேண்டியது வரையில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள்.

வாங்கும்போது மேல் அடுக்கை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். துளைகள் ஊசிமுனை போல் ஒரே சீராயிருக்க வேண்டும். பெரிய துளைகளில் பொடி இறங்கிவிடும். மேல் அடுக்கு கீழ் அடுக்கில் ஆடாமல் உட்கார வேண்டும். ஆனால் இறுகிக் கவ்வவும் கூடாது. கீழேயுள்ள காற்று வெளியேற வழியில்லாவிட்டால் டிகாக்ஷன் பாதியில் நின்றுவிடும். அத்தகைய சமயத்தில் மேல் அடுக்கைச் சற்றே தூக்கி வைத்தால் மறுபடி சொட்ட ஆரம்பிப்பதைப் பல தாய்மார்கள் அனுபவத்தில் அறிவார்கள். பொடியின்மேல் வைக்கும் தண்டுத் தட்டைப் பலங்கொண்ட மட்டும் அமுக்குவது தவறு. பொடியைச் சமமாக்கி, நீர் ஓரிடத்திலேயே குழி பறிக்காமல் தடுப்பதுதான் அதன் வேலை.

பித்தளையா, எவர்சில்வரா? பித்தளை அழகு, சூட்டையும் எங்கும் ஒரே சீராகப் பரப்பும். ஆனால் காப்பி சற்றே புளிப்புக் குணம் உள்ள பானமாதலால், வெறும் பித்தளையில் நெடுநேரம் நிற்கக் கூடாது. உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம், காரீயம் அன்று. காரீயம் விஷம். பூசுகிறவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பாத்திரத்தைக் கொடுக்காதீர்கள். ஈயம் பூசுகிறவரே தெருவில் வராத காலம் இது. ஆகையால் தினசரி உபயோகத்துக்கு எவர்சில்வரையே நான் சிபாரிசு செய்வேன். பாட்டியார் கொடுத்த பித்தளை, நாள் கிழமைகளில் தலைகாட்டட்டும்.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாய் ஓடு படிகிறது. வடிகட்டியை அது அதிகம் பாதிக்காது. யந்திரத்தின் மெல்லிய குழாயை அடைத்துவிடும். மாதம் ஒரு முறை எலுமிச்சை உப்பைக் கரைத்து ஓடவிட்டு, பிறகு இருமுறை நல்ல தண்ணீர் விட வேண்டும். குடிக்கச் சுத்திகரித்து வைத்திருக்கும் தண்ணீரே காப்பிக்கும் தகும். உப்பை அடியோடு எடுத்துவிட்ட தண்ணீரில் மட்டும் ருசி சப்பென்றிருக்கும்.

காகிதத்துக்குச் சாதகமான ஒரு விஷயத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். காப்பிக் கொட்டையில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. இரத்தத்தில் கொழுப்பை உயர்த்தும் குணமுள்ளது. காகிதம் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. உலோகத் துளைகள் அப்படித் தடுப்பதில்லை. இரத்தக் கொழுப்புக்காக வைத்தியர் பார்வையில் இருக்கும் பெரியவர்கள், நாளைக்கு நாலு டம்ளர் குடிப்பவர்களானால், அவரைக் கேட்டுக் காகித முறைக்கு மாறுவது நலம். அதற்கு மின்சார யந்திரங்கூட வேண்டாம்; டம்ளர்மேல் வைக்கும் கூம்பு ஒன்றும் காகிதக் கட்டு ஒன்றும் போதும்.

கடைசியாக, இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி ஒன்று: அரை மணி முன்னதாக எழுந்திருப்பவர் யார்? "வடிகட்டி டிகாக்ஷனுக்கு ஈடாகுமா?" என்று மேடைப் பிரசங்கம் செய்கிறவர் பெரும்பாலும் அதில் ஒரு நாளும் வெந்நீர் விட்டவர் அல்லர். ஏழு மணி ரயிலுக்குப் போகிறவருக்கு ஆறரைக்குக் காப்பி வேண்டுமென்றால், இருபது நிமிஷமோ அரை மணியோ சொட்டுவதற்குக் கணக்கிட்டு, ஐந்தரைக்கே ஒருவர் அடுப்பின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. சில யந்திரங்களில் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். இரவே பொடியும் நீரும் இட்டுவைத்தால் தானே விடியற்காலையில் இறக்கி வைக்கும். அந்த அரை மணித் தூக்கம் உங்கள் வீட்டில் ஒருவருக்கு அத்தியாவசியமானால், ருசியில் இரண்டணா குறைந்தாலும் யந்திரமே நியாயம். வேண்டாமென்றால், இரவு படுக்கப் போகுமுன் பொடியை வடிகட்டியில் போட்டு மூடி வைத்து, காலையில் யார் முதலில் எழுந்தாலும் வெந்நீர் விட்டுவிடுவது என்று வீட்டில் ஓர் ஏற்பாடு செய்து கொள்ளலாம். முதலில் ஒரு கரண்டி நீர் விட்டுப் பொடியை நனைத்து, ஒரு நிமிஷம் கழித்து மீதியை விட வேண்டும் என்ற ஒன்றைத் தவிர இதில் கற்க வேண்டிய வித்தை எதுவுமில்லை. பத்து வயதைக் கடந்த பிள்ளை, கொதிநீர்ப் பாத்திரத்தைப் பெரியவர் பிடித்துக்கொண்டால், மற்றதையெல்லாம் செய்துவிடும்.

துளை அடைத்த எவர்சில்வர் வடிகட்டியை அடுப்புச் சுவாலையில் காட்டி, ஆறியபின் தட்டிக் கழுவினால் அடைப்பு உதிர்ந்துவிடும். ஈயம் பூசிய பித்தளைக்கு மட்டும் இந்த வைத்தியம் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு வெந்நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்.