அடைப்பு இல்லாத இதயமும் நிற்கும்

இளவயதுக்காரர் சுருண்டு விழுந்து இறந்தால் ‘மாரடைப்பு’ என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஆஞ்சியோகிராமில் அடைப்பில்லை என்றால் இதயம் திடீரென நிற்காது என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்திருக்கிறது. இரண்டுமே பிழை. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டு இதயத் தசை சாகத் தொடங்குகிறது. அப்போதும் பெரும்பாலோருக்கு இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். திடீர் இதய நிறுத்தத்தில் கெடுவது துடிப்பை நடத்தும் மின்னோட்டம். அதைக் கெடுக்க அடைப்பு வேண்டியதில்லை.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டி மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் எதிராளியை மடக்கி வீழ்த்தினார், எழுந்தார், மறுகணம் மல்லாந்து விழுந்தார். வயது 24. நெஞ்சில் பட்ட அடிதான் காரணம். இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் சில பத்து மில்லிநொடிகளில் அடி விழுந்தால் கீழறைகள் தாறுமாறாக நடுங்கும். சற்று முன்னோ பின்னோ விழுந்தால் பெரும்பாலும் அப்படி ஆகாது. களத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்தார். அதே ஆண்டு மீண்டும் ஆடினார்.

‘உடம்பை வருத்தினால்தான் இப்படி’ என்பதும் நிற்காது. பெட்ரோ, ஜோசப் புருகாடா சகோதரர்கள் 1992இல் விவரித்த பரம்பரை நோய் பெரும்பாலும் உறக்கத்திலோ ஓய்விலோதான் உயிரைப் பறிக்கிறது. காய்ச்சலும் அதைத் தூண்டும். தாய்லாந்தில் இத்தகைய இரவுச் சாவுகளுக்கு விதவைப் பேய்மீது பழி விழுந்தது. (நாம் ஜிம்மின்மீது போடுகிறோம்.) ‘நீள் க்யூடி’ என்னும் இன்னொரு கோளாறின் ஒரு வகையில் நீச்சலும், வேறொரு வகையில் அலார மணியும்கூட ஆபத்து. மாத்திரையும் இதே கோளாறை உண்டாக்கலாம்: ஒவ்வாமைக்குத் தந்த டெர்ஃபெனடின், சில மருந்துகளோடு சேரும்போது இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இவை அபூர்வம்தானே, நடுவயதைத் தாண்டியவர்களுக்கு ரத்தக்குழாய் நோய்தானே முதல் காரணம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் முப்பத்தைந்துக்குக் கீழே கணக்கு மாறுகிறது. பரம்பரைத் தசை நோய்களும் மின்கோளாறுகளும் முன்னுக்கு வருகின்றன. மின்கோளாறு பிரேதப் பரிசோதனையில் தடயம் விடாது. ‘மாரடைப்பு’ என்று எழுதியதும் தேடலும் நின்றுவிடும். இறந்தவருக்கு இருந்த மரபணுக் குறை அவர் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர ஏறக்குறைய பாதி வாய்ப்பு உண்டு; உடன்பிறந்தவர்களும் தப்பியவர்கள் அல்லர். அவர்களுக்குத் தேவை கொழுப்புப் பரிசோதனையைவிட ஈசிஜி. அதுவும் ஒருமுறை எடுத்தால் போதாது, புருகாடாவின் அடையாளம் வந்து வந்து மறையும். கண்டுபிடித்துவிட்டால், காய்ச்சலை உடனே தணிப்பது, ஆகாத மருந்துகளை விலக்குவது, நீள் க்யூடிக்கு பீட்டா பிளாக்கர் என வழிகள் இருக்கின்றன.