சான்ட்ரோ: பேர் திரும்பி வந்தது... மவுசு ஏன் திரும்பவில்லை?

“பழைய சான்ட்ரோ ஒண்ணு வருது, எடுக்கலாமா?” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குறைந்த பட்ஜெட்டில் செகண்ட் ஹேண்ட் கார் தேடும் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் எழுகிறது. ஆனால், அதே பேரில் 2018-ல் வந்த புது சான்ட்ரோ நான்கு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பேர் ஒன்றுதான். கதை ஏன் இரண்டானது?

சாவியைத் திருப்பினால் போதும்!

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள ஹூண்டாய் ஆலையின் முதல் கார்தான் சான்ட்ரோ. அறிமுகமானது 1998 செப்டம்பரில். கம்பெனியின் பேரே மக்களுக்குப் புதுசு என்பதால், ஷாருக் கானை வைத்து விளம்பரம் செய்தார்கள். ‘என்னப்பா இவ்வளவு உயரம்?’ என்று கிண்டலடித்தவர்களும் உண்டு. ஆனால், முட்டிவலி உள்ள பாட்டியும் அதிகம் குனியாமல் ஏறி உட்கார முடிந்தது அந்த உயரத்தால்தான்.

உள்ளே 999 சிசி, 4 சிலிண்டர் இன்ஜின். மாருதி 800-ல் கார்புரேட்டர் இருந்த காலத்தில், இதில் மல்டி பாயின்ட் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் அளவை எலெக்ட்ரானிக் யூனிட்டே பார்த்துக்கொள்ளும். மழைக்கால விடியலில் சோக்கை இழுத்துப் போராட வேண்டியதில்லை. ‘சான்ட்ரோ வழியில் நிக்காது’ என்ற பேர் இப்படித்தான் கிடைத்தது. 2003-ல் ‘சான்ட்ரோ ஜிங்’ ஆக மாறி, 2014 இறுதியில் உற்பத்தி நிற்பதற்குள் இந்தியாவில் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல் விற்றது.

மறுபிரவேசம்

2018-ல் ஒரு புது சிறிய காருக்குப் பேர் வைக்கச் சொல்லி ஹூண்டாய் போட்டி நடத்தியது. நிறையப் பேர் சொன்ன பேர் சான்ட்ரோ! அக்டோபர் 23 அன்று, ரூ.3.89 லட்சம் ஆரம்ப விலையில் வந்தது. 1.1 லிட்டர் 4 சிலிண்டர் இன்ஜின், ஏஎம்டி கியர், சிஎன்ஜி என எல்லாம் இருந்தன. இன்ஜினில் பெரிய குறையில்லை. ஆனால் 20 வருடங்களில் போட்டி கார்களும் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகத் தொடங்கியிருந்தன. ‘வழியில் நிக்காது’ என்பது தனிப் பெருமையாக இல்லை.

மக்களின் கேள்வியும் மாறியிருந்தது. ‘மோதினால் காப்பாற்றுமா?’ 2019-ல் குளோபல் என்கேப், டிரைவர் பக்கம் மட்டும் ஏர்பேக் உள்ள ஆரம்ப வேரியன்ட்டை மோதவிட்டுச் சோதித்தது. கிடைத்தது 5-க்கு 2 ஸ்டார். சில மாதங்களில் அதே பிரிவின் டாடா டியாகோ 4 ஸ்டார் வாங்கியது. வாடிக்கையாளர்களும் சின்ன எஸ்யூவிகள் பக்கம் நகர, 2022-ல் சான்ட்ரோ மீண்டும் விடைபெற்றது.

பேர் மட்டும் போதாது என்பதற்கு மாருதி பெலினோ தலைகீழ் உதாரணம். 1999-ல் வந்த பெலினோ செடான் பெரிதாகப் போகவில்லை. 2015-ல் அதே பேரில் வந்த ஹேட்ச்பேக் சக்கைப்போடு போட்டது. பழைய பேர் ஷோரூம் வாசல் வரை கூட்டி வரும். செக் எழுத வைப்பது, இன்றைய தேவைக்குக் கார் சொல்லும் பதில்தான்.

பழைய சான்ட்ரோ வாங்குகிறீர்களா?

* பதிவாகி 15 வருடம் முடிந்திருந்தால், ஆர்.சி புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.
* டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். ஓடும்போது அறுந்தால் இன்ஜின் செலவு கையைக் கடிக்கும்.
* அடித்தகட்டில் துருவைப் பாருங்கள். மழைநீர் தேங்கும் தெருக்களில் ஓடிய வண்டி என்றால் இது கட்டாயம்.
* பெரும்பாலான பழைய சான்ட்ரோக்களில் ஏர்பேக் கிடையாது. கடைக்கும் கோயிலுக்கும் போய்வர சரி. குழந்தைகளோடு அடிக்கடி ஹைவேயில் போகிறவர்கள், பேருக்காக இல்லாமல் பாதுகாப்புக்காகக் காசு போடுவதே நல்லது.