கண்டதை வரைந்த கை

கல்வி என்பது நூலைக் கற்றல் ஒன்றே என எண்ணுவார் பலர். ஓவியத்தில் செலவிடும் பொழுது வீண்பொழுது என்பது அவர்தம் கருத்து. நரம்பைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு இக்கருத்தை மறுக்கின்றது.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நரம்பணு ஒரு சிறு மரம் போன்றது. அதன் கிளைகள் பிற அணுக்களிடமிருந்து செய்தியைப் பெறும்; நீண்ட இழையொன்று அதனை மின்துடிப்பாக அப்பால் கொண்டு செல்லும். விரைவு மிக்க இழைகளில் அத்துடிப்பு நொடிக்கு 100 மீட்டர் அளவும் ஓடும். முள் தைத்த காலை, நாம் எண்ணிப் பாராமுன்னரே பின்னிழுக்கச் செய்வது தண்டுவடத்து நரம்பணுக்களின் தொழிலே.

இவ்வணுக்கள் அடர்ந்து பின்னிக் கிடத்தலின், எதன் இழை எங்கே முடிகின்றது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. இத்தாலிய அறிஞர் காமில்லோ கோல்ஜி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலால் சில அணுக்களை மட்டும் கருநிறமாக்கிக் காணும் முறையை 1873-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயினும், நரம்பிழைகள் யாவும் ஒன்றோடொன்று கலந்த ஒரே வலை என்றே அவர் கருதினார்.

ஸ்பெயின் நாட்டவராகிய சந்தியாகோ ரமோன் இ கஹால் இளமையில் ஓவியராக விழைந்தவர். மருத்துவராகிய தந்தை அதற்கு இசையவில்லை. கஹால் மருத்துவம் கற்றார். ஆனால் ஓவியத்தைக் கைவிடவில்லை. கோல்ஜியின் முறையைத் திருத்தி, பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்து, நுண்ணோக்கியிற் கண்டவற்றைப் பொறுமையுடன் வரைந்தார். இழை முடியும் இடத்தை வரைய வேண்டிய கை, அவ்விடத்தை ஊன்றி நோக்குமாறு கண்ணை ஏவுமன்றோ? நரம்பணு ஒவ்வொன்றும் தனித்தது. மற்றொன்றை நெருங்குமேயன்றி அதனோடு கலவாது என 1888 முதல் அவர் எடுத்துரைத்தார்.

1906-ஆம் ஆண்டில் இருவர்க்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலும் கோல்ஜி தம் கொள்கையை விட்டாரல்லர். 1950-களில் மின்னணு நுண்ணோக்கி, அணுக்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டிக் கஹாலின் கூற்றை நிலைநாட்டியது.

ஒளிப்படக் கருவி இருக்க ஓவியம் எதற்கு எனச் சிலர் வினவலாம். ஒளிப்படம் எதிரில் உள்ள அனைத்தையும் ஒருசேரப் பதியும். வரைபவனோ, எது இன்றியமையாதது, எது விடத்தக்கது எனக் கோடுதோறும் தேர்தல் வேண்டும். அத்தேர்ச்சியே அறிவு.

ஆதலின், புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைவதோடு மாணவர் அமைதல் ஆகாது. ஓர் இலையையேனும் எறும்பையேனும் நேரிற் கண்டு வரைதல் வேண்டும். தேர்வு நெருங்கியவுடன் ஓவிய வகுப்பைப் பிற பாடங்களுக்கு ஒதுக்கிவிடும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். வரையப் பழகிய கண்ணே உள்ளதை உள்ளவாறு காணும்.