கியர் ஒயிலை 'ஃப்ளஷ்' பண்ணத்தான் வேண்டுமா?



பெருநாளுக்குப் புத்தளம் போக முன்னர் வாகனத்தைச் சர்வீஸுக்குக் கொண்டுபோனோம். "கியர் ஒயிலை மெஷின் போட்டு ஃப்ளஷ் பண்ணிவிடுவம் சேர், எல்லா ஓட்டோ கியருக்கும் சரிவரும் ஒயில் இருக்கு" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இப்போதும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் நம்மில் பலர் ஓடுவது பழைய ஜப்பான் வாகனங்கள்தான். கியர் பொக்ஸ் போனால் பிள்ளையின் படிப்புக்குச் சேர்த்த காசும் அதோடு போகும்.

ஓட்டோ கியரில் ஒயில் வெறும் வழுக்கலுக்கு மட்டுமல்ல. கியரை மாற்றும் அழுத்தத்தைக் கொடுப்பதும் சூட்டைத் தணிப்பதும் அதுதான். அதனால் மாற்றாமலே வருடக்கணக்காய் ஓடுவதும் பிழை. நட்டைக் கழற்றி வடித்தால் முழு ஒயிலும் வராது. ஒரு பகுதி கொன்வேட்டரிலும் கூலர் குழாய்களிலும் நின்றுவிடும். ஃப்ளஷ் பண்ணச் சொல்பவர்களின் நியாயம் இதுதான். அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் பல வருடம் கவனிக்காத கியர் பொக்ஸில் மெஷின் போட்டால், அடியில் படிந்த தூள் கிளம்பி வால்வுகளின் சிறு துவாரங்களை அடைத்துவிடும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்மார் பயப்படுகிறார்கள். வடித்து நிரப்பி, கொஞ்சக் காலம் ஓடி, திரும்பவும் வடித்து நிரப்பினால் பழைய ஒயில் படிப்படியாகக் குறையும். அவசரம் ஒன்றுமில்லை. ஏற்கனவே கியர் வழுக்குகிறதென்றால் தேய்ந்த கிளட்சைப் புது ஒயில் சரியாக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து பிழையான ஒயில். பிரியஸுக்கும் அக்குவாவுக்கும் டொயோட்டா சொல்வது டபிள்யூ.எஸ். ஒயில். சீ.வீ.ரீ. கியர் உள்ள விட்ஸுக்கு அது சரிவராது, சீ.வீ.ரீ.க்கென்றே உள்ள ஒயில் வேண்டும். 'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்ற பேச்சை நம்பாதீர்கள்.

கராஜில் மூன்று கேள்வி கேட்போம்: என்ன ஒயில்? எத்தனை லீற்றர் வடித்தீர்கள், எத்தனை ஊற்றினீர்கள்? போத்தலைக் காட்டுவீர்களா? வாகனத்தை ஒருவரிடம் விடுவது அமானிதம். நேர்மையான மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்.

உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். இன்னொருவரின் காசு மிஞ்சும்.